மூலை அறை காயும்வரை

அன்புள்ள மகன் தம்பிக்கு,

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நீ ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறாய், வயல் எப்படி என்று கேட்கிறாய், நல்லது என்கிறேன். முழங்கால் நோ எப்படி என்று கேட்கிறாய், அதற்கும் நல்லது என்கிறேன். அந்தச் சின்னத் திரையில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றும் வாயில் வருவதில்லை. அதனால் உன்னுடைய பழைய கொப்பி ஒன்றில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். ஆவணியில் உனக்குக் கலியாணம். அதற்குமுன் மூலை அறையைத் திருத்தி முடிக்க வேண்டும் என்று கனடாவில் இருந்தபடியே ஆள் பிடித்து அனுப்பினாய். அவர்கள் வந்தார்கள், வேலை நடக்கிறது. ஆனால் அறைக்கு இப்போது சீமெந்து நிலம் இல்லை. நிலம் இருந்த இடத்தில் ஆள் ஆழத்துக்கு வெட்டிய ஒரு கிடங்கு இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதையும், உன் அம்மா ஏன் தை மாதத்திலிருந்து வவுனியாவில் பெரியம்மா வீட்டில் இருக்கிறார் என்பதையும் முழுதாய் எழுதுகிறேன். நீ இதுவரை கேள்விப்பட்டது பாதிதான். அந்தப் பாதியும் நான் சொன்னது.

கார்த்திகையில் குளம் நிரம்பி வான் கதவுகள் திறந்தபோது எங்கள் ஒழுங்கைக்குள் தண்ணீர் வந்தது விடிந்த பிறகு. முதலில் முற்றம், பிறகு விறாந்தை, பிறகு வீட்டுக்குள் முழங்கால் அளவு. அம்மா அரிசி மூட்டையை மேசையில் ஏற்றினார். சாமிப் படங்களைக் கழற்றினார். உன் சான்றிதழ்கள் இருந்த பெட்டியை அலுமாரிக்கு மேலே வைத்தார். நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். "இஞ்சருங்கோ, ஒரு கை பிடியுங்கோவன்," என்று இரண்டு தரம் கேட்டார். நான் எழும்பவில்லை. எனக்குக் களைப்பும் இல்லை, பயமும் இல்லை. தண்ணீர் வருகிறது என்று கண் சொன்னது, சரி வரட்டும் என்று மனம் சொன்னது, அவ்வளவுதான். நான் விட்டுவிட்டு வந்த வீடுகளையும் கொட்டில்களையும் எண்ண ஒரு கை விரல் காணாது. ஒவ்வொன்றையும் விடும்போது கொஞ்சம் கொஞ்சமாய் ஏதோ மரத்துப்போய், கடைசியில் வீடு என்றாலே விட்டுவிட்டுப் போகிற சாமான் என்று ஆகிவிட்டது. இதை நான் பெருமையாய்ச் சொல்லவில்லை. கட்டியவளுக்குத் துணையாய் ஒரு மூட்டையைத் தூக்காமல் இருந்தவன் என்ற வெட்கத்தோடுதான் சொல்கிறேன். அந்த வெட்கம்கூட அன்றைக்கு வரவில்லை, இப்போது எழுதும்போதுதான் வருகிறது.

மூன்றாம் நாள் தண்ணீர் வற்றியது. மற்ற அறைகள் மார்கழிக்குள் காய்ந்துவிட்டன. மூலை அறை, அதுதான் உன் அறை, காயவில்லை. சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடித்தது. உன் அலுமாரிக் கதவு ஊதிப்போய்ப் பூட்ட முடியாமல் நின்றது. அம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்தது அதற்குப் பிறகுதான். முதலில் விடிய எழும்பும்போது மட்டும் வந்தது, பிறகு நாள் முழுக்க. நான் டவுனில் இருந்து ஒரு பெயின்ற் அடிக்கிறவரைக் கூட்டிவந்தேன். அவர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வாளியைத் திறந்தார். சுரண்டினார், பூசினார், இனி ஈரம் கிட்டவும் வராது என்று சத்தியம் பண்ணினார். அம்மா வாசலில் நின்று, "காஞ்சிட்டுதே?" என்று கேட்டார். "ஓம், காஞ்சிட்டுது," என்றேன். மூன்று கிழமையில் பெயின்ற் பொரித்த அப்பளம் போல் ஊதி உதிர்ந்தது. திரும்ப அடிப்பித்தேன். அம்மா திரும்பவும் கேட்டார், நானும் திரும்பவும் அதையே சொன்னேன். தைப்பொங்கல் கழிந்த அடுத்த நாள் அம்மாவுக்கு மூச்சு எடுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து வீட்டுக்கு வராமல் நேரே பெரியம்மா வீட்டுக்குப் போனார். பஸ் ஏறும்போது சொன்னார்: "நீங்கள் காஞ்சிட்டுது எண்டு சொல்லுறதை நான் இனி நம்பமாட்டன். காஞ்சா என்ர மூச்சுச் சொல்லும். காஞ்சாப் பிறகு வாறன்." இழுப்புக்காகத்தான் போயிருக்கிறார் என்று உனக்குச் சொன்னேன். அது உண்மை. ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிசி தன் வீட்டை விட்டுத் தமக்கை வீட்டில் போய் இருப்பதற்கு மூச்சு மட்டும் காரணமில்லை. சொல்லை நம்ப முடியாத ஆளோடு எப்படி இருப்பது என்பதும் அதில் இருந்தது. அவர் திரும்பி வருவாரா, அல்லது உன் கலியாணத்துக்கு விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போய்விடுவாரா என்று எனக்குத் தெரியாமல்தான் மாசி முழுக்க இருந்தேன்.

நீ பிடித்துத் தந்த ஆட்கள் மாசிக் கடைசியில் வவுனியாவில் இருந்து ஒரு வான் பிடித்து வந்தார்கள். ஒரு எஞ்சினியர் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், கூட இரண்டு வேலையாட்கள். வாளி ஒன்றையும் காணவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இவர்கள் பூச வரவில்லை, கேட்க வந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை கையில் ஒரு சின்ன மெசினை வைத்துச் சுவரில் இடம் இடமாய் அமத்திப் பார்த்து, பென்சிலால் இலக்கம் எழுதிக்கொண்டு போனாள். மேலே குறைந்த இலக்கம், கீழே வரவரக் கூடிய இலக்கம். பிறகு சொன்னாள்: "ஐயா, இந்தச் சுவர் வெள்ளத்தில நனைஞ்சது மட்டுமில்லை. கீழ இருந்து தண்ணி குடிச்சுக்கொண்டு கிடக்கு. இந்த மூலைக்குக் கீழ முந்தி என்ன இருந்தது?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. வெறுங்காணி," என்றேன்.

அவள் சுத்தியலின் பிடியால் நிலத்தைத் தட்டினாள். அறையின் நடுவில் ஒரு சத்தம், மூலையில் வேறு சத்தம். "வெறுங்காணி இப்பிடிக் கேக்காது ஐயா. நீங்கள் சொல்லாட்டி எனக்கொண்டுமில்லை. மேலால பூசித் தந்திட்டுப் போறன். வாற மாரிக்கு நிக்கும். அதுக்கு அடுத்த மாரிக்கு நீங்கள் வேற ஆரையும் கூப்பிடுவியள். ஆர் இந்த அறையில படுக்கப் போகினம்?"

"மகனும் மருமகளும்."

அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் என்று ஊரில் சொல்வார்களே, நான் அதை இத்தனை வருசம் மறைத்து, அதற்கு மேலே பாய் விரித்து உன்னையும் படுக்க வைத்திருந்தேன். "பங்கர்," என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இத்தனை வருசம் பிடித்தது. அந்தப் பிள்ளைக்கு அது ஒரு புதினமாயே இருக்கவில்லை. எத்தனை அடி ஆழம் என்று கேட்டாள். ஐந்தரை என்றேன். வெடிச் சாமான் ஏதும் கிடக்குதோ என்று கேட்டாள். இல்லை, கண்ணிவெடி எடுக்கிற ஆட்கள் பார்த்துத்தான் விட்டார்கள் என்றேன். "மரக்குற்றி எடுத்துப்போட்டு மூடினனீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

உனக்கு அந்தப் பங்கர் ஞாபகம் இருக்கும். உனக்கு அப்போது பத்து வயது. செல் குண்டுக்குப் பதுங்கப் பழைய வீட்டுக் குசினிக்குப் பின்னால் வெட்டினோம். மேலே பனங்குற்றியும் தென்னங்குற்றியும் அடுக்கி, அதற்கு மேலே மண்மூட்டை. உள்ளே நீ குந்தியிருந்து ஏழாம் வாய்ப்பாடு பாடமாக்கினாய், ஏழெட்டில் எப்போதும் பிழைவிடுவாய். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது பழைய வீட்டில் ஒரு கல்லுக்கூட நேராய் நிற்கவில்லை. பற்றை மூடிக் கிடந்தது. அதனால் அந்தப் பங்கர் எந்த இடத்தில் இருந்தது என்று உனக்குத் தெரியாமல் போய்விட்டது. எனக்குத் தெரியும். வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தபோது வளவின் முன்பாதி மட்டுந்தான் கண்ணிவெடி அகற்றிக் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். பின்பாதிக்கு இன்னும் ஒரு வருசம் என்றார்கள். அத்திவாரம் போட்டுக் காட்டினால்தான் அடுத்த கட்ட உதவி வரும். ஆகவே வீடு அந்தக் கயிற்றுக்குள்தான் நிற்க வேண்டும், கயிற்றுக்குள்தான் பங்கரும் இருந்தது. உன் அறை மற்ற அறையைவிட ஒன்றரை அடி பெரிது, ஏன் அப்பா என்று நீ ஒருமுறை கேட்டாய். உனக்காகத்தான் என்றேன். அத்திவாரத்துக்கு வெட்டுகிற கான் பங்கரின் வாயை வெட்டாமல் விலத்திப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஒன்றரை அடி.

அதன் மேலே கட்டியது பிழையில்லை. இடம் அதுதான் என்றால் என்ன செய்வது. அம்மாவுக்கும் அது தெரியும். அவர் ஒரேயொரு விசயம் சொன்னார்: குற்றிகளையும் மூட்டைகளையும் முழுக்க வெளியே எடுத்து, கிறவல் மண் போட்டு, தண்ணீர் விட்டு விட்டு இடித்து இறுக்கித்தான் மூட வேண்டும். தானும் நின்று எடுத்துத் தருகிறேன் என்றார். சரி என்றேன். அடுத்த கிழமை உனக்கு விடாத காய்ச்சல் வந்தது. அம்மா உன்னை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நாலு நாள் நின்றார். அந்த நாலு நாளுக்குள் நான் இரண்டு லோட் மண் இறக்கி, குற்றியோடும் மூட்டையோடும் பங்கரை மூடி, மேலே மட்டப்படுத்திவிட்டேன். திரும்பி வந்து, "குற்றியெல்லாம் எடுத்தனீங்களே?" என்று கேட்டார். "ஓம்." "எங்க குற்றி?" "வேலிக்கு ஆரோ கேட்டாங்கள், குடுத்திட்டன்." ஆஸ்பத்திரியில் இருந்து வந்த களைப்பில் அவர் பிறகு கேட்கவில்லை. பனங்குற்றி வைரம், இன்னும் கிடக்கும். தென்னங்குற்றி உக்கும். உக்கினால் மேலே மண் இறங்கும், கீழே கோறை விழும், அந்தக் கோறைக்குள் தண்ணீர் நிற்கும். வயல் செய்கிற கமக்காரனுக்கு இதைச் சொல்லித்தர எஞ்சினியர் தேவையில்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

ஏன் செய்தேன் என்பதுதான் நான் எழுத வந்த விசயம். குற்றியை எடுத்தால் அதோடு மூட்டைகள் வரும். மூட்டைகள் வந்தால் அம்மாவின் கூறைச் சேலை வரும்.

செல் குண்டு கிட்ட விழத் தொடங்கிய மாதம், மண் நிரப்ப உரப் பை ஒன்றும் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் சேலையை வெட்டித்தான் மூட்டை தைத்தார்கள். அம்மாவும் தன் சேலைகளை ஒவ்வொன்றாய் எடுத்து மெசினில் தைத்துத் தந்தார். பச்சையும் மஞ்சளும் நாவலுமாய் எங்கள் பங்கர் கோயில் திருவிழாவுக்குச் சோடித்த மாதிரி நின்றது. நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். ஒரு சேலை மட்டும் மிச்சம். கலியாணத்துக்கு எங்கள் வீட்டார் யாழ்ப்பாணத்தில் எடுத்த கூறை. அரக்குப் பட்டு, இரண்டு விரல் சரிகை. ஒரு வேட்டியில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தார். "நான் உங்களுக்கு முன்னம் போனா இதை உடுத்தித்தான் விடவேணும்," என்று கலியாணமான புதிதிலேயே சொன்னவர். உனக்குத் தெரியும்தானே, சுமங்கலியாய்ப் போகிறவளுக்குக் கூறை உடுத்தி விடுவது எங்கள் வழக்கம். பங்கரின் வாசல் பக்கம் இன்னும் ஒரு வரிசை மூட்டை வேண்டியிருந்தது. அம்மா நிவாரணம் எடுக்க வரிசைக்குப் போயிருந்தார். நான் பெட்டியைத் திறந்தேன், கூறையை எடுத்தேன், வெட்டினேன். தையல் எனக்கு வராது, கோணல் மாணலாய் ஆறு மூட்டை தைத்தேன். அடிவரிசையில் வைத்து, மேலே மற்ற மூட்டைகளை அடுக்கி, களிமண் பூசினேன். பின்னேரம் சொல்லலாம் என்று நினைத்தேன். பின்னேரம் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ஊரே வெளிக்கிட்டது, நாங்களும் வெளிக்கிட்டோம். வழியில் அந்தப் பெட்டி தொலைந்தது. அம்மா, "ஐயோ, கூறை," என்று நடு ரோட்டில் நின்றார். பெட்டியோடு போய்விட்டது என்றேன். பொய்க்கு ஒரு பெட்டி தானாய் வந்து வாய்த்தது. அதன் பிறகு எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் அம்மா மணப்பெண்ணின் சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்ப்பார். நான் மறுபக்கம் பார்ப்பேன்.

ஒரு பொய்யை மூட இன்னொரு ஆளையும் பிடித்துத் தாழ்த்தினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வருசத்துக்குமுன் அந்த மூலையில் முதல் வெடிப்பு வந்தபோது, வீட்டைக் கட்டிய மேசன் தவராசா அண்ணையைத்தான் கூப்பிட்டேன். அவர் காலால் தட்டிப் பார்த்து, "உள்ளுக்குக் கோறையாக் கேக்குது. என்னடாப்பா கீழ கிடக்கு?" என்றார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. உன்ர வேலை அப்படி, சீமெந்தைக் குறைத்துப்போட்டு என்னைக் கேட்கிறாயோ என்று சத்தம் போட்டுத் துரத்தினேன். அதோடு விடவில்லை. சந்தியிலும் சொன்னேன். அடுத்த இரண்டு வீட்டு வேலை அவருக்குப் போகாமல் போனது என்னால்தான்.

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார் என்றார்கள். திருத்திப் பார் என்று ஒருவரும் சொல்லிவைக்கவில்லை. எஞ்சினியர் பிள்ளை அடுத்த நாளே நிலத்தை உடைக்கலாம் என்றாள். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி அம்மாவுக்கு எடுத்தேன்.

"நீர் ஒருக்கா வந்திட்டுப் போம்," என்றேன்.

"என்னத்துக்கு?"

"மூலை அறையைக் கிண்டப் போகினம்."

"கிண்டட்டும். நான் வந்து என்ன செய்யிறது?"

"பங்கரில குற்றி எடுக்கேல்லை. எடுத்தது எண்டு சொன்னது பொய்."

அந்தப் பக்கம் பெரியம்மா வீட்டுக் குசினியில் பைப் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. யாரோ அதைப் பூட்டினார்கள். "சரி, வாறன்," என்று வைத்துவிட்டார். கூறையைப் பற்றி வாய்வரை வந்தது, சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அதுதான் கடைசி.

வந்தார். முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, மாமரத்தடியில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வேலையாட்கள் கொங்கிறீற்றை உடைத்தார்கள். ஒரு முழம் கீழே மண் அள்ளுகிற சாவல் தானாய் உள்ளே போனது, அந்தளவுக்குக் கோறை. தண்ணீர் நின்றது, கறுப்பாய், மணத்தோடு. தென்னங்குற்றி தொட்டவுடன் கையோடு பிய்ந்து வந்தது. பனங்குற்றிகளைக் கயிறு போட்டு இழுத்தார்கள். பிறகு மூட்டைகள். நூல் சேலைகள் உக்கிப்போய் மண்தான் மூட்டை உருவத்தில் இருந்தது. நைலெக்ஸ் சேலைகள் மட்டும் நிறத்தோடு வந்தன. அம்மா இருந்த இடத்தில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். "உது தம்பி பிறந்த முப்பத்தொண்டாம் நாளுக்கு உடுத்தது." "உது அக்கா தந்தது." கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது அவருக்கு. நான் கிடங்கின் ஓரத்தில் நின்றேன். வாசல் பக்கத்து அடிவரிசைக்கு அவர்கள் போகிறார்கள் என்று தெரிந்தும் என் நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை. கால்மாட்டில் எறும்பு நிரையாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பட்டு முழுதும் மக்கிப் போயிருந்தது. சரிகை மக்கவில்லை. வேலையாள் ஒரு மண் கட்டியைத் தூக்கி வைத்தபோது அதன் இடுப்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு அது கிடந்தது. அம்மா கதிரையில் இருந்து எழும்பி வந்தார். குந்தியிருந்து, விரலால் மண்ணை வழித்தார். என் கோணல் தையலையும் தொட்டுப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்க்கக் கன நேரம் எடுத்தது.

"கேட்டிருந்தா நானே வெட்டித் தந்திருப்பன்," என்றார்.

அம்மா விரலில் இருந்த மண்ணைத் தட்டினார்.

"அண்டைக்குப் பிள்ளையை விடக் கூறையே பெரிசு எனக்கு? நானே தைச்சுத் தந்திருப்பன், உதைவிட நேராவும் தைச்சிருப்பன். இத்தினை வருசமா என்னை ஒரு சீலைக்கு அழுற மனிசியா வைச்சிருந்திட்டியள்."

எஞ்சினியர் பிள்ளை வேலையாட்களைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லி அப்பால் கூட்டிக்கொண்டு போனாள். கெட்டிக்காரி. அம்மா கையைக் கிணற்றடியில் கழுவினார். சோறு சமைத்து வைத்திருந்தேன், சாப்பிடவில்லை. மத்தியான பஸ்ஸில் வவுனியாவுக்குத் திரும்பிப் போனார். போகும்போது நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு வரவில்லை. பஸ் போன பிறகு அந்தத் தூசுக்குள் நின்று, பிழை என்னுடையது என்று சொன்னேன். கேட்க ஆள் இருக்கவில்லை.

அடுத்த நாள் தவராசா அண்ணை வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கோறை எண்டு நான் அண்டைக்கே சொன்னனான். நீ என்ர வாயை மூடினாய், கிடங்கை மூடேல்லை," என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் பின்னேரம் சைக்கிளில் வந்து கிடங்கை எட்டிப் பார்த்து, கிறவலை அரை அடி அரை அடியாய்ப் போட்டு இடியுங்கோ, ஒரேயடியாய்க் கொட்டாதேயுங்கோ என்று அந்த வேலையாட்களுக்குச் சட்டம் போட்டுவிட்டுப் போனார். சந்தியில் நான் அப்போது சொன்னதை, அதே சந்தியில் நின்று பிழை என்று சொல்ல வேண்டும். அது இன்னும் பாக்கி.

இப்போது கிடங்கு திறந்தபடி கிடக்கிறது. சுவரின் சாந்தை இடுப்பு உயரத்துக்கு உரித்துவிட்டார்கள். எஞ்சினியர் பிள்ளை யன்னல் இரண்டையும் கழற்றச் சொன்னாள். காயாமல் மூடினால் வந்த வேலை வீண், பொறுங்கோ என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டாள். கிழமைக்கு ஒருக்கால் வந்து மெசினை வைத்துப் பார்த்து, பழைய இலக்கத்துக்குப் பக்கத்தில் புது இலக்கம் எழுதுகிறாள். நீயும் ஒரு நாள் வீடு வாங்குவாய், அங்கேயும் தண்ணீர் வரும். அப்போது வாளியோடு வருகிறவனைக் கூப்பிடாதே. எங்கே இருந்து தண்ணீர் வருகிறது என்று கேட்கிற ஆளைக் கூப்பிடு. அந்த ஆள் கேட்டால் ஒளிக்காதே. வெளியாருக்கு முன்னால் வெட்கமாய் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் அவர்களுக்கு உன் வெட்கம் தேவையில்லை, கிடங்கின் ஆழம்தான் தேவை. பிறகு கூறை எடுக்கிற விசயம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே எடுத்துக்கொண்டு போவதுதான் வழக்கம். நீ வந்திறங்கியதும் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. என்ன நிறம் என்று கேள். ஒரு காலம் அதை வெட்ட வேண்டி வந்தாலும், வராமல் இருக்கட்டும், வந்தாலும், அப்போதும் கேள்.

இதுவரை எழுதி முந்தநாள் வைத்துவிட்டேன். அனுப்புவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா போய்ப் பதினாறு நாள், ஒரு தரமும் எடுக்கவில்லை. நேற்றுக் காலை வயலால் வந்து கால் கழுவும்போது தொலைபேசி அடித்தது.

"காஞ்சிட்டுதே?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஈரக் காலோடு அறைக்குள் போய்ச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். "இல்லை," என்றேன். "இன்னும் ஈரம். பிள்ளை ரெண்டு கிழமை எண்டு சொல்லுது. எனக்கெண்டா மூண்டு கிழமை செல்லும் போல கிடக்கு."

"ஈரமெண்டே சொல்லுறியள்?"

"ஓம். ஈரம்தான்."

 அம்மாவின் மூச்சு எனக்குக் கேட்டது, இழுப்பில்லாமல் சீராய்.

"அப்ப நாளைக்கு வாறன்," என்றார்.

சுவரில் வைத்த கையை எடுக்க மறந்து நின்றேன், தம்பி. கன காலத்துக்குப் பிறகு ஒரு வீட்டைத் தொட்ட மாதிரி இருந்தது. மூலை அறைக் கதவை இறுக்கிச் சாத்தி, கீழே சாக்கு வைத்து அடைத்துவிட்டேன். காற்றுப் படுகிற பக்கமாய் முன் விறாந்தையில் அம்மாவுக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். முதல் பஸ் எட்டரைக்கு. இதைத் தபாலில் போட்டுவிட்டு அப்படியே பஸ்ஸடிக்குப் போகிறேன்.

அப்பா